'ஃபேர்' என்றால் என்ன? கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

கும்பகோணத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் அடித்துத் தருவோம். ஆங்கிலத்தில் வந்த காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்வதும் வேலையோடு வேலையாகச் சேர்ந்துவிட்டது. அப்படி வருகிற காகிதங்களில் ஆளைக் குழப்புவது நீளமான சட்டச் சொற்கள்தான் என்று நினைப்பீர்கள். இல்லை. ஆங்கிலத்தில் நாலே எழுத்துள்ள 'ஃபேர்' (fair) என்ற சொல்தான். நெல் போடப் போனவர், வழக்குக்கு அலைகிறவர், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்று எல்லாரும் இதையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"ஃபேர்னா நியாயம்தானே? இதுல குழம்புறதுக்கு என்ன இருக்கு?"

நியாயம் அதன் பொருள்களில் ஒன்று. அரசாங்கக் காகிதங்களில் அதிகம் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'அழகான' என்றுதான் அர்த்தம். அழகு என்பது குறையில்லாதது, கறையில்லாதது என்று விரிந்தது. மேகமில்லாத வானம், அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து, பாரபட்சம் இல்லாத நடத்தை எல்லாம் அந்த வழியில் 'ஃபேர்' ஆயின. பிறகு வெளுத்த நிறமும் இதற்குள் வந்து சேர்ந்தது. பின்னாளில் 'சுமார், பரவாயில்லை' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. அழகில் ஆரம்பித்த சொல் சுமாரில் வந்து நிற்கிறது.

எது எந்த ஃபேர் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, அந்த இடத்தில் அதற்கு எதிர்ச்சொல் என்னவாக இருக்கும் என்று கேட்டுப் பார்ப்பது. எதிரே அநியாயம் நின்றால் அது நியாயம். கறுப்பு நின்றால் நிறம். 'ரஃப்' நின்றால் சுத்தப் பிரதி. புயல், மழை நின்றால் வானிலை. ஒரு பக்கம் 'குட்', மறுபக்கம் 'புவர்' நின்றால் நடுவில் மாட்டிக்கொண்ட சுமார். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வழியை வைத்தே சொன்னவை.

"ரேஷன் கடையில ஃபேர் பிரைஸ் ஷாப்னு போட்டிருக்கே. அரிசிதான் சும்மா குடுக்குறாங்க, அப்புறம் என்ன விலை, என்ன நியாயம்?"

இங்கே நியாயம் என்ற பொருளேதான். நியாயவிலைக் கடை என்ற தமிழ்ப் பெயரும் சரிதான். சந்தையில் விலை எப்படி ஏறினாலும் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அரசு வைத்ததுதான் விலை என்பதே அந்தப் பெயரின் சாரம். மலிவு என்றோ இலவசம் என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பவை அப்படி வைக்கப்பட்ட விலைகள்.

அரிசிக்கு 2011 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் விலை இல்லை. பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே வைத்தது, அதனால் அப்படியே நிற்கிறது. நம் ஜனங்கள் ஆங்கிலப் பெயரையும் தொடுவதில்லை, தமிழ்ப் பெயரையும் தொடுவதில்லை. எல்லாருக்கும் அது ரேஷன் கடைதான்.

"கொள்முதல் நிலையத்துல என் நெல்லை எஃப்.ஏ.க்யூ. இல்லைன்னு தள்ளிட்டாங்கண்ணே. நியாயமான நெல் இல்லைன்னா என்ன அர்த்தம்? நான் என்ன திருட்டு நெல்லா கொண்டு போனேன்?"

அதிகம் கேட்கப்படுவதும், கோபத்தோடு கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான். எஃப்.ஏ.க்யூ. என்பது 'ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி' என்பதன் சுருக்கம். (கேள்வி-பதில் பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இதே மூன்றெழுத்துச் சுருக்கம்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) இங்கே நியாயத்தை மறந்துவிடுங்கள். எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள், 'மட்டமான' என்று வரும். 'மட்டமில்லாத, நடுத்தரத் தரமுள்ள நெல்' என்பதுதான் அர்த்தம். உங்கள் நாணயத்தைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை, நெல்லின் நிலையைத்தான் சொல்கிறது.

அந்தத் தரத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதம். முற்றாதது, சுருங்கியது 3 சதவீதம். கல், மண் 1 சதவீதம், வைக்கோல் தூசி போன்றவை 1 சதவீதம். இதைத் தாண்டினால் 'ஃபேர்' போய்விடும். நம் பக்கம் பெரும்பாலும் அடிபடுவது ஈரப்பதத்தில்தான். குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். தார்ப்பாயைப் போட்டு மூடி, விலக்கி, மறுபடி மூடி என்று களத்திலேயே கிடப்பார்கள். குவியலின் மேல்நெல் கையில் சலசலவென்று காய்ந்திருக்கும். உள்ளே கைவிட்டால் வேர்த்துப்போய் வெதுவெதுப்பாக இருக்கும். மீட்டரில் கொட்டும்போது உள்நெல்தான் 19, 20 என்று காட்டிக்கொடுக்கும்.

அந்த 17 கல்லில் வெட்டியதும் இல்லை. மழையில் நெல் நனைந்த ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு தளர்த்தியதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை எடுக்கச் சொன்னார்கள். போன வாரம் 'ஃபேர்' இல்லாத நெல் இந்த வாரம் எடுக்கப்படும். ஆகவே திருப்பிவிட்டார்கள் என்றால் 'எத்தனை சதவீதம் காட்டியது, இன்றைக்கு வரம்பு எவ்வளவு' என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். மனு எழுதுவதானாலும் அந்த இரண்டு எண்கள் இருந்தால்தான் எழுத முடியும்.

"ஃபேர்னாலும் சுமார், ஆவரேஜ்னாலும் சுமார். எதுக்கு ரெண்டையும் சேர்த்துப் போடணும்?"

ஆவரேஜ் என்பது சராசரிக் கணக்கு. ஒரு பருவத்தின் விளைச்சல் மொத்தமும் மோசமாக இருந்தால் சராசரியும் மோசமாகத்தான் இருக்கும். அந்தச் சராசரி, வாங்கிப் பயன்படுத்துகிற அளவுக்காவது இருக்கவேண்டும் என்று பிடித்து நிறுத்துவதற்கு ஃபேர் வருகிறது. இது தானிய வியாபாரத்தின் பழைய வழக்கு. ஆஸ்திரேலியக் கோதுமை வியாபாரத்தில் ஒரு காலத்தில் அந்தந்தப் பருவத்து மாதிரிகளைக் கலந்து, 'இந்த வருஷத்து எஃப்.ஏ.க்யூ. இதுதான்' என்று வைத்துக்கொண்டு விற்றார்கள். அமெரிக்கப் பருத்தித் தரங்களிலும் ஃபேர் ஒரு தரத்தின் பெயராக இருந்தது.

இதோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். ரசீதில் சன்ன ரகம், பொது ரகம் என்று இருப்பது நெல்லின் வகை. 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2545 ரூபாய், பொது ரகத்துக்கு 2500 ரூபாய். இரண்டு ரகமும் எஃப்.ஏ.க்யூ. ஆக இருக்கவேண்டும். சன்ன ரகம் என்பதால் ஈரத்துக்குச் சலுகை கிடையாது.

"வக்கீல் ஆபீஸ்ல ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர் வாங்கிட்டு வான்னாங்க. ஃபேர் ஆர்டர்னா நமக்கு நியாயமா தீர்ப்பு ஆயிருக்குன்னு அர்த்தமா சார்?"

முகத்தில் வெளிச்சத்தோடு கேட்பார்கள், சொல்லச் சங்கடமாக இருக்கும். அர்த்தம் அதில்லை. இங்கே ஃபேருக்கு எதிர்ச்சொல் 'ரஃப்'. நீதிபதி காரணங்களோடு சொன்ன உத்தரவை அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக எடுத்த பிரதிதான் ஃபேர் ஆர்டர். டிக்ரீட்டல் ஆர்டர் என்பது அந்த உத்தரவின் முடிவை மட்டும் முறைப்படி எழுதிய காகிதம். மேலே போவதற்கு இரண்டும் வேண்டும் என்பதால் சேர்த்துக் கேட்கிறார்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகும் சீராய்வு மனுக்களைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 'இன்ன தேதியிட்ட ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டரை ரத்து செய்யக் கோரி' என்றுதான் பாதி மனு ஆரம்பிக்கும். நியாயமான உத்தரவு என்று ஒப்புக்கொண்டு அதையே ரத்து செய்யச் சொல்லி யாராவது கேட்பார்களா? ஜெயித்தவருக்கும் ஃபேர் ஆர்டர்தான், தோற்றவருக்கும் ஃபேர் ஆர்டர்தான்.

"பொண்ணு ஸ்கூல்ல ஃபேர் நோட்டு ஆறு, ரஃப் நோட்டு ரெண்டுன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. கடையில என்னன்னு கேக்குறது?"

மேலே சொன்ன அதே ஃபேர்தான். வகுப்பில் கிறுக்குவது ரஃப், வீட்டில் பார்த்து அழகாக எழுதுவது ஃபேர். கடையில் ஃபேர் நோட்டு என்று தனி நோட்டு கிடையாது. கோடு போட்டதா போடாததா, எத்தனை பக்கம் என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு அலுவலகங்களில் இதையே தூய நகல் என்கிறார்கள். நல்ல சொல்.

"மாப்பிள்ளை வீட்டுல ஃபேர் கேர்ள் வேணும்னு போட்டிருக்காங்க. நேர்மையான பொண்ணுன்னு எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வரன் விளம்பரத்திலும் பயோடேட்டாவிலும் ஃபேர் என்றால் நிறம் மட்டும்தான். நம் வீடுகளில் 'பொண்ணு நல்ல செவப்பு' என்பார்களே, அதைத்தான் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த படியாக 'வீட்டிஷ்' என்று ஒன்று வரும், கோதுமை நிறமாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்லே விளையும் ஊரில் பெண்ணின் நிறத்துக்கு மட்டும் கோதுமையைத் தேடிப் போகிறார்கள். மாநிறம் என்ற அருமையான சொல்லை வைத்துக்கொண்டு!

இந்தப் பொருளை நம் ஊரில் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியது 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம். 1975-ல் விற்பனைக்கு வந்தது, 2020-ல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆக்கினார்கள். கம்பெனியே கைவிட்ட சொல்லை நாம் பயோடேட்டாவில் வைத்திருக்கிறோம். என் கடையில் பயோடேட்டா அடிக்க வந்தால் நிறத்துக்கான வரி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்பேன். வேண்டாம் என்கிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள்.

"கதைப் புத்தகத்துல ஃபேர் ஹேர்னு வருது. நரைச்ச முடியா?"

நரை இல்லை, பொன்னிறத் தலைமுடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் வெயிலில் பளபளக்கும் முடியோடு வெள்ளைக்காரப் பயணிகள் சுற்றுவார்களே, அந்த முடி. ஆங்கிலக் கதைகளில் ஓர் ஆளை 'ஃபேர்' என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் நிறத்தோடு முடியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பழைய கதை, பாட்டு என்றால் 'அழகி' என்று வைத்துப் பாருங்கள், அநேகமாகப் பொருந்திவிடும்.

"அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க தம்பி. சீட்டுல ஜெனரல் கண்டிஷன் ஃபேர்னு இருக்கு. நல்லா ஆயிட்டாருன்னு அர்த்தமா, இன்னும் இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தமா?"

இரண்டுக்கும் நடுவில். பயப்படும்படி ஒன்றும் இல்லை, தேறிவருகிறார், ஆனால் முழுசாகப் பழையபடி ஆகிவிட்டார் என்றும் சொல்லவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நிலையைக் குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று படிப்படியாகச் சொல்வார்கள். அதில் ஃபேர் மேலிருந்து இரண்டாவது படி. நம் ஊர் டிஸ்சார்ஜ் சீட்டில் அவ்வளவு கறாராகப் படி பார்த்து எழுதுவதில்லை. வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு இருக்கிறார் என்று பொதுவாக எழுதுகிற சொல் அது.

அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடாதீர்கள். அதற்குக் கீழே மாத்திரை விவரமும், மறுபடி காட்டவேண்டிய தேதியும் இருக்கும். உங்களுக்கு வேலை அங்கேதான்.

"பையன் கட்டுரையில டீச்சர் ஃபேர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, இருக்கலாமா?"

முந்தின பதிலில் சொன்ன நடுப்படிதான் இதுவும். குட் என்பதற்குக் கீழே, புவர் என்பதற்கு மேலே. பையனைத் திட்டவேண்டாம், பாயசமும் வைக்கவேண்டாம்.

"எங்க தாத்தா காலத்துக் குத்தகைக் காகிதத்துல ஃபேர் ரெண்ட்னு இருக்கு. யாருக்கு நியாயம், மிராசுதாருக்கா நமக்கா?"

இது நியாயம் என்ற பொருளில் வரும் ஃபேர். தமிழில் நியாயவாரம் என்பார்கள். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. இந்தக் காகிதம் எனக்குப் பிடித்த வகை, ஏனென்றால் 'நியாயம்' என்று நாம் கனமாகச் சொல்வது எப்படி இடம் மாறியது என்பதை நம் மண்ணிலேயே பார்க்கலாம்.

1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 40 சதவீதம் என்றார்கள். அதற்கு முன்னால் அதுவும் கிடைக்காமல்தான் பலர் உழுதார்கள். பிறகு 1956-ல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடிக் குத்தகைதாரர்களுக்கான நியாயவாரச் சட்டம் வந்தது. அதில் நன்செய்க்கு நிலச் சொந்தக்காரர் பங்கு 40 சதவீதம், உழுகிறவருக்கு 60. பின்னாளில் திருத்தம் வந்து சொந்தக்காரருக்கு 25, உழுகிறவருக்கு 75 ஆனது. மூன்று கணக்கும் அந்தந்தக் காலத்தில் நியாயம் என்றே எழுதப்பட்டது. சொல் மாறவில்லை, எண் தலைகீழானது.

ஆகவே உங்கள் தாத்தா காகிதத்தில் முதலில் தேதியைப் பாருங்கள். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் அதையும் சொல்லுங்கள், நம் பக்கம் அது நிறைய. குத்தகை வழக்குகளுக்கு வருவாய் நீதிமன்றம் தனியாக இருக்கிறது. அங்கே போவதற்கு ஃபேர் என்ற சொல்லைவிட அந்தத் தேதியும் சர்வே எண்ணும்தான் உதவும்.

"ரோடு போட எடுத்த நிலத்துக்கு ஃபேர் காம்பென்சேஷன்னு நோட்டீஸ். மார்க்கெட் விலை குடுப்பாங்கன்னு அர்த்தம்தானே?"

மார்க்கெட் விலை ஆரம்பப் புள்ளி, அதோடு நிற்பதில்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'ஃபேர் காம்பென்சேஷன்' இருக்கிறது. அந்தச் சட்டப்படி, சந்தை மதிப்பைக் கிராமப்புறமானால் 1-இலிருந்து 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கவேண்டும். நிலத்தில் உள்ள மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்க்கவேண்டும். வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தரவேண்டும். ரேஷன் கடையிலும் குத்தகையிலும் பார்த்த மாதிரியே இங்கும் நியாயம் என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு நிற்கிறது. அரசுக் காகிதத்தில் ஃபேர் என்று பார்த்தால் 'எந்தக் கணக்குப்படி' என்று கேளுங்கள்.

"வாடகை அக்ரிமெண்டுல ஃபேர் வேர் அண்ட் டேர்னு ஒரு வரி. வீட்டுக்காரர் அதைக் காட்டி அட்வான்ஸ்ல புடிக்கிறேங்கிறார்."

அந்த வரி உங்களுக்குச் சாதகமானது. மனுஷர் குடியிருந்தால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்தை அட்வான்ஸில் பிடிக்கக்கூடாது என்பதற்குத்தான் போடுவார்கள். சுவரில் வண்ணம் மங்குவது, தாழ்ப்பாள் தளர்வது எல்லாம் அதில் அடக்கம். பேசினை உடைத்தது, ஆணி அடித்துச் சுவரைப் பெயர்த்தது அடங்காது. இந்த ஃபேருக்கு 'இயல்பான' என்றே பொருள் வைத்துக்கொள்ளுங்கள்.

"வானிலை அறிக்கையில ஃபேர் வெதர்னா நல்ல வானிலைதானே? நல்லதுன்னா மழையா, வெயிலா?"

ஆங்கிலக்காரருக்கு மழை இல்லாததுதான் நல்ல வானிலை. ஃபேர் வெதர் என்றால் வானம் தெளிவு, மழை இல்லை, பலத்த காற்று இல்லை. சம்பா நட்டுவிட்டு ஐப்பசியில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு வாரக்கணக்கில் ஃபேர் வெதர் வந்தால் அதைவிடக் கெட்ட சேதி கிடையாது. அதே ஆள் தை மாதம் அறுப்புக்கு மிஷினை இறக்கிவிட்டு ஃபேர் வெதர் வேண்டும் என்று சாமி கும்பிடுவார். அதனால் இதை 'நல்ல வானிலை' என்று தமிழில் போடாமல் 'தெளிந்த வானிலை' என்று போடுவது என் வழக்கம்.

கடற்கரைப் பக்கம் இதன் அர்த்தம் இன்னும் கறாரானது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டதால் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரித் தடத்தைத்தான் ஃபேர் வெதர் தடம் என்பது. 'ஃபேர் விண்ட்' என்றால் போகிற திசைக்கு ஒத்துவரும் காற்று. வாடை அடித்தால் தெற்கே பாய் விரித்துப் போகிறவனுக்கு அது ஃபேர், வடக்கே திரும்பி வருகிறவனுக்கு அதே வாடை ஃபேர் இல்லை.

"ஃபேர் வெதர் ஃப்ரெண்டுன்னு திட்டுறாங்களே?"

வசதியாக இருக்கும்போது கூடவே இருந்துவிட்டு, கஷ்டம் வந்தால் காணாமல் போகிறவர். மழை வந்ததும் வராத கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள்.

"பஸ்சுல வாங்குற ஃபேர், புக் ஃபேர், தேவதைக் கதையில வர்ற ஃபேரி, எல்லாம் ஒரே குடும்பமா?"

மூன்றும் வேறு வேறு குடும்பம். பஸ் கட்டணத்தைக் குறிக்கும் ஃபேருக்கு ஆங்கிலத்தில் எழுத்தே வேறு. 'போவது' என்ற பழைய வினையிலிருந்து வந்தது அது. புத்தகக் காட்சி, வர்த்தகக் காட்சியில் வரும் ஃபேர் எழுத்தில் அச்சாக இதேதான், ஆனால் வேர் இலத்தீனில் திருவிழாவைக் குறிக்கும் 'ஃபெரியா'. நம் பக்கம் 'புத்தகத் திருவிழா' என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ வேரைத் தொட்டுவிட்டார்கள். ஃபேரியின் வேர் இலத்தீனில் விதியைக் குறிக்கும் சொல். டைப் அடிக்கும் பிள்ளைகள் பஸ் ஃபேரையும் இந்த ஃபேரையும் எழுத்து மாற்றிப் போடுவது அன்றாடம் நடப்பது. பயணப்படி பில்லில் அதை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

"சம்பளம் பத்தி நாலு பக்கத்துக்கு எழுதினேன். மேனேஜர் ஃபேர் எனஃப்னு ரெண்டே வார்த்தையில பதில் போட்டுட்டார். கோவமா சார்?"

கோபம் இல்லை. 'சரி, நீங்க சொல்றதும் ஞாயம்தான்' என்று ஒத்துக்கொள்வது. ஆனால் அதில் சந்தோஷமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. வாதத்தை ஏற்றுக்கொண்டார், சம்பளத்தை ஏற்றுவதாகச் சொல்லவில்லை. 'ஃபேர் பாயிண்ட்' என்றாலும் இதே கதைதான். பேச்சின் நடுவில் 'டு பி ஃபேர்' என்று ஆரம்பித்தால், இதுவரை திட்டிக்கொண்டிருந்த ஆளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அர்த்தம். 'உள்ளதைச் சொல்லணும்னா' என்று நாம் இழுப்போமே, அந்த இடம்.

"அப்போ எ ஃபேர் அமௌண்ட்னா நியாயமான தொகையா, சுமாரான தொகையா?"

இங்கேதான் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுக்குவார்கள். பெரும்பாலான இடத்தில் இரண்டும் இல்லை, 'கணிசமான' என்று அர்த்தம். 'எ ஃபேர் அமௌண்ட் ஆஃப் வாட்டர்' என்றால் நிறையவே தண்ணீர். 'எ ஃபேர் டிஸ்டன்ஸ்' என்றால் நல்ல தூரம். 'நல்ல மழை', 'நல்ல அடி' என்று தமிழில் 'நல்ல' வந்து அளவைக் கூட்டுகிறதல்லவா, அதே வேலையை ஆங்கிலத்தில் ஃபேர் செய்கிறது. பணத்தைப் பற்றிப் பேரம் நடக்கும்போது மட்டும் 'நியாயமான தொகை' என்றும் வரலாம். அப்போது முன்பின் வாசகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். தனியாக அந்த ஒரு வரியைக் கத்தரித்துக்கொண்டு வந்து கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

"ஃபேர்லின்னு வந்தா?"

வினையோடு சேர்ந்து வந்தால் நியாயமாக: 'தே ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி', எங்களை நியாயமாக நடத்தினார்கள். குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வந்தால் ஓரளவு: 'ஃபேர்லி குட்', ஓரளவு நல்லது. பள்ளிக்கூட இலக்கணத்தில் ஃபேர்லிக்கும் 'ராதர்' என்பதற்கும் வித்தியாசம் கேட்பார்கள். நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்தால் ஃபேர்லி, பிடிக்காத பக்கம் சாய்ந்தால் ராதர். டிகிரி காபி டபராவில் ஆவி பறக்க வந்து, ஆற்றிக் குடிக்கச் சரியாக இருந்தால் ஃபேர்லி ஹாட். நாக்கு பொத்துப்போனால் ராதர் ஹாட்.

ஒரு எச்சரிக்கை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ ஆம் ஃபேர்லி குட் இன் டேலி' என்று போடாதீர்கள். அடக்கமாகத் தோன்றும், படிக்கிறவருக்கு 'சுமாராத் தெரியும்' என்றுதான் விழும்.

"பையன் ரைஸ் மில் வேலைக்குப் போறான். சிபாரிசு லெட்டர்ல ஹி இஸ் எ ஃபேர் ஜட்ஜ் ஆஃப் பேடின்னு அடிச்சுக் குடுங்க தம்பி. நெல்லு விஷயத்துல நியாயமா நடப்பான்னு தெரியணும்."

ஜட்ஜ் என்பதற்குப் பின்னால் 'ஆஃப்' வந்துவிட்டால் அர்த்தம் திரும்பிவிடும். 'எ ஃபேர் ஜட்ஜ் ஆஃப் பேடி' என்றால் நெல்லின் தரத்தைச் சுமாராக மதிப்பிடத் தெரிந்தவன். நியாயம் அதில் இல்லை, திறமையும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. 'ஃபேர் ஜட்ஜ்' என்று மட்டும் நின்றால் நடுநிலை தவறாத நீதிபதி, ஆனால் பையன் நீதிபதி வேலைக்குப் போகவில்லை. நியாயமானவன் என்று சொல்லவேண்டுமானால் 'ஃபேர் இன் ஹிஸ் டீலிங்ஸ்' என்று தனியாகப் போடவேண்டும்.

பையனை நெல்லில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். நாலு மணியைப் பல்லில் கடித்து, சத்தத்தை வைத்தே ஈரம் சொல்வேன் என்றான். ஃபேரை எடுத்துவிட்டு 'எக்ஸ்பீரியன்ஸ்டு' போட்டு, 'ஃபேர் இன் ஹிஸ் டீலிங்ஸ்' என்பதைக் கீழே இரண்டாவது வரியாகச் சேர்த்து அடித்துக் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவா என்று பேரம் பேசித்தான் பெரியவர் காசு கொடுத்தார்.